ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம்

போன வைகாசியில் என் தங்கை மகளுக்குக் காதுகுத்து. மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வம் வேதாரண்யம் பக்கம். நாங்கள் இருப்பது மன்னார்குடியை ஒட்டிய கிராமத்தில். முகூர்த்தம் காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் என்பதால் நாலரைக்காவது கிளம்பிவிட வேண்டும் என்று முதல் நாள் ராத்திரியே சீர்த்தட்டுகளைக் காரில் ஏற்றி வைத்தோம். பின் சீட்டில் பழத்தட்டு, பட்டுப் பாவாடை, வெள்ளிக் கொலுசு. டிக்கியில் வெல்லமும் அரிசியும். அம்மா குளித்து, தலைக்குப் பூ வைத்துக்கொண்டு, தோடு இருந்த சின்னப் பெட்டியை மடியில் வைத்தபடி முன் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். நான் சாவியைத் திருப்பினேன். டேஷ்போர்டு விளக்குகள் ஒரு தடவை எரிந்து மங்கின. அப்புறம் டக், டக், டக் என்று பல்லி கத்துவதுபோல ஒரு சத்தம். அவ்வளவுதான்.

எதிர்வீட்டுச் சித்தப்பாவும் அவர் பையனும் எழுந்து வந்து தள்ளினார்கள். வாய்க்கால் கரை ரோட்டில் மூன்று தடவை தள்ளிப் பார்த்தோம், இரண்டாவது கியர் போட்டுக் கிளட்சை விட்டும் பார்த்தோம். பழைய அம்பாசிடர் காலமாக இருந்தால் ஒருவேளை பிடித்திருக்கும். இப்போதைய வண்டிகளில் பெட்ரோல் பம்புக்கும் கம்ப்யூட்டருக்கும் கொஞ்சமாவது வோல்ட் வேண்டும்; அது சுத்தமாக இல்லாவிட்டால் எத்தனை பேர் தள்ளினாலும் எஞ்சின் பிடிக்காது. கடைசியில் மன்னார்குடியிலிருந்து வாடகை வண்டி வந்து சேரும்போது மணி ஆறு. கோயிலுக்குப் போய் இறங்கும்போது ஏழே முக்கால் தாண்டிவிட்டது. குழந்தை அவளுடைய பெரியப்பா மடியில் அழுது ஓய்ந்து கிடந்தாள். இரண்டு காதிலும் சந்தனம். தாய்மாமன் மடி என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்த தங்கை, "பரவால்லண்ணா, வண்டின்னா அப்படித்தான்" என்று மட்டும் சொன்னாள். தோட்டுப் பெட்டியை அம்மா கடைசிவரை கையிலேயே வைத்திருந்தார். ஆசாரி தன்னிடம் இருந்த கம்பியைப் போட்டுக் குத்திவிட்டுப் போயிருந்தார்.

இதில் எனக்கு ஆறாமல் இருந்தது என்னவென்றால், நான் அந்த வண்டியைக் கவனிக்காமல் போட்டுவிட்டவன் இல்லை. பள்ளிக்கூடம் பத்து நிமிடத் தூரம், பைக்கில்தான் போவேன். கார் அம்மாவுக்காக வாங்கியது, மாதத்தில் இரண்டு தடவை எடுத்தால் அதிகம். சித்திரையில் பரீட்சை முடிந்து லீவு விட்டதிலிருந்து எங்கேயும் போகவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல், காலை எட்டு மணிக்குக் கொட்டகையில் நின்றபடியே ஸ்டார்ட் செய்து, ஏசியையும் பாட்டையும் போட்டு, பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துவேன். வாங்கிய அன்றைக்கே சித்தப்பா சொன்னார், வண்டியை விற்றவர் சொன்னார், என்னோடு வேலை பார்க்கும் ஆசிரியர்கள் நாலு பேர் சொன்னார்கள்: "வாரம் ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிப் பத்து நிமிஷம் விட்டாப் போதும், பேட்டரி இறங்காது." நம் பக்கத்தில் கார் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். நான் அதை ஒரு விரதம்போல அனுசரித்தேன். விரதம் இருந்தும் பேட்டரி இறங்கிப்போனால், ஒன்று பேட்டரி மோசமாக இருக்க வேண்டும், இல்லை சொன்ன பேச்சு மோசமாக இருக்க வேண்டும். பேட்டரி வாங்கி ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது.

கொட்டகையில் ஒரு மத்தியானம்

மறுநாள் மத்தியானம் மன்னார்குடி பேட்டரி கடை அண்ணன் டிவிஎஸ் வண்டியில் வந்தார். முன்னால் ஒரு பேட்டரி, பையில் இரண்டு தடித்த கேபிள், ஒரு மீட்டர், கேபிளைச் சுற்றி மாட்டிக் கரண்டை அளக்கும் ஒரு கிளாம்ப் மீட்டர். பானெட்டைத் திறந்ததும் முதலில் முனைகளைப் பார்த்தார். பாசிட்டிவ் பக்கம் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருந்தது. "இது ஒண்ணு" என்றார். அப்புறம் மீட்டரை வைத்தார்: 11.6 வோல்ட்.

"நல்லா சார்ஜ் இருக்கற பேட்டரி, வண்டிய நிறுத்தி ராத்திரி முழுக்க வச்சிருந்துட்டுப் பாத்தா 12.6, 12.7 காட்டணும் சார். 12.4 வந்தா முக்காவாசி. 12.2 பாதி. 12-ன்னாலே காவாசிதான். இது காலி."

எனக்கு அதுவரை தெரியாத விஷயம் இது. பன்னிரண்டு வோல்ட் பேட்டரி என்று சொல்கிறோம், பன்னிரண்டு காட்டினால் நன்றாக இருக்கிறது என்று நினைப்போம். உள்ளே ஆறு செல்; ஒவ்வொன்றும் நிறைந்திருக்கும்போது இரண்டு வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே. முழுசுக்கும் காலிக்கும் நடுவே மொத்தமே ஒரு வோல்ட்தான் வித்தியாசம். அந்த ஒரு வோல்ட்டுக்குள்தான் எல்லாம் நடக்கிறது. பேட்டரியின் மேலே வட்டமாகப் பச்சை தெரியுமே, அதை நம்பலாமா என்று கேட்டேன். அது ஆறு செல்லில் ஒரே ஒரு செல்லைத்தான் காட்டும், மற்ற ஐந்தைப் பற்றி அதற்குத் தெரியாது என்றார்.

கொண்டுவந்த பேட்டரியைப் பக்கத்தில் வைத்து, சிவப்புக் கேபிளை இரண்டு பாசிட்டிவிலும் மாட்டினார். கறுப்பின் ஒரு முனையை நல்ல பேட்டரியின் நெகட்டிவில் மாட்டிவிட்டு, மறு முனையை என் பேட்டரியில் மாட்டாமல் எஞ்சின் இரும்பில் கொடுத்தார். கடைசி முனையை மாட்டும்போது பொறி பறக்கும், பேட்டரி வாயிலிருந்து ஹைட்ரஜன் வந்துகொண்டிருக்கும், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கூடாது என்பதற்காக. வண்டி உடனே ஸ்டார்ட் ஆனது. கேபிளைக் கழற்றினார். "நீங்க ஞாயித்துக்கிழமை எப்படி விடுவீங்களோ அப்படியே விடுங்க சார்."

ஏசி போட்டேன், காற்று மூன்றில், பாட்டு. அவர் கிளாம்ப் மீட்டரின் கொக்கியைப் பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைச் சுற்றி மாட்டி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பேட்டரிக்குள் போய்க்கொண்டிருந்த கரண்ட் நாலு ஆம்பியர். ரேடியேட்டர் ஃபேன் ஓட ஆரம்பித்ததும் மூன்றுக்கு வந்தது. "ஏசிய அமத்துங்க" என்றார். பதினைந்துக்குப் போனது. "ஆக்ஸிலேட்டர லேசா மிதிச்சுப் பிடிங்க." இருபத்தைந்தைத் தாண்டியது. கையை எடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் என் முகத்தைப் பார்த்தார்.

வண்டி நின்ற இடத்தில் ஓடும்போது, எஞ்சினோடு சேர்ந்து சுற்றிக் கரண்ட் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் மெதுவாகச் சுற்றுகிறது. கொடுக்கக்கூடியதில் பாதியைத் தருவதே பெரிய விஷயம். அந்தப் பாதியையும் ஏசி காற்றாடி, ரேடியேட்டர் ஃபேன், பெட்ரோல் பம்பு, பாட்டுப் பெட்டி என்று ஆளாளுக்குப் பிடுங்கிக்கொண்டது போகத்தான் பேட்டரிக்கு. ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு ஏஎச்; நாலு ஆம்பியர் என்றால் பத்து நிமிடத்துக்கு முக்கால் ஏஎச்கூட வராது. சரி, போவது எவ்வளவு? அதையும் அளந்து காட்டினார். எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து, கதவெல்லாம் சாத்தி, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி நடுவில் மீட்டரைக் கோத்துவிட்டு, அம்மா கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டு அரை மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்தோம். வண்டியிலிருக்கும் கம்ப்யூட்டர்கள் தூங்குவதற்கு அவ்வளவு நேரம் ஆகுமாம். திரும்பிப் போய்ப் பார்த்தபோது 35 மில்லி ஆம்பியர். கடிகாரம், அலாரம், ரிமோட் பூட்டு, பாட்டுப் பெட்டியின் ஞாபகம் எல்லாம் சேர்த்து. 50 வரைக்கும் சாதாரணம், வண்டியில் ஒரு குறையும் இல்லை என்றார்.

நான் ஏழாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் கணக்கு எடுக்கிறவன். ஒரு தொட்டியில் ஒரு குழாய் நிரப்புகிறது, இன்னொரு குழாய் வடிக்கிறது, எத்தனை மணி நேரத்தில் தொட்டி காலியாகும் என்று கரும்பலகையில் எழுதிப் போடாத வருடம் கிடையாது. அந்தக் கணக்கு என் வீட்டுக் கொட்டகையிலேயே இருந்திருக்கிறது. 35 மில்லி ஆம்பியர், 24 மணி நேரம்: ஒரு நாளைக்கு 0.84 ஏஎச். ஏழு நாளைக்குக் கிட்டத்தட்ட ஆறு. என் பேட்டரி 35 ஏஎச். வாரம் ஆறு வடிகிறது, ஞாயிற்றுக்கிழமை முக்கால்கூட ஏறவில்லை. ஆறாவது வாரம்தான் காதுகுத்து. ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை ஸ்டார்ட்டர் கொஞ்சம் இழுத்து இழுத்துச் சுற்றியது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அன்றைக்கே அது சொல்லியிருக்கிறது.

ஸ்டார்ட் செய்யும்போதுதான் நிறையக் கரண்ட் போகும், அதனால்தான் இறங்கிவிட்டதோ என்று கேட்டேன். இல்லை என்றார். சாவியைத் திருப்பும்போது நூற்றைம்பது ஆம்பியர்கூட இழுக்கும், ஆனால் இரண்டு வினாடிதான். பெருக்கிப் பார்த்தால் 0.1 ஏஎச்கூடத் தேறாது. பெரிதாக இழுப்பது சின்னக் கணக்கு, சின்னதாக வடிவது பெரிய கணக்கு. அப்புறம் அவர் சொன்னதுதான் எனக்கு மொத்தத்தையும் விளங்க வைத்தது. அவர் பூர்வீகம் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை.

"ஷட்டரப் பத்து நிமிஷம் தூக்கிவிட்டு மூடுனா எங்க ஊருக்குத் தண்ணி வருமா சார்? ஆறே நனையாது."

மேட்டூர் ஜூன் 12-இல் திறந்தால் கல்லணைக்குத் தண்ணீர் வந்து சேர மூன்று நாள் ஆகும். அதற்குமேல் வெண்ணாறு, நீடாமங்கலத்தில் மூணாறு தலைப்பு, அங்கிருந்து கோரையாறு, பாமணியாறு, அப்புறம் வாய்க்கால், கன்னி வாய்க்கால். முதலில் வரும் தண்ணீரை மணல்தான் குடிக்கும். கடைமடை வயல் நனைய ஆறு நாள்கணக்கில் தொடர்ந்து ஓட வேண்டும். பேட்டரியும் அப்படித்தான் வாங்குகிறது. காலியாக இருக்கும்போது வேகமாக வாங்கும், எண்பது சதவீதத்துக்கு மேல் சொட்டுச் சொட்டாகத்தான் வாங்கும். அந்தக் கடைசிப் பங்கு ஏறுவதற்கே மணிக்கணக்கு ஆகும். அதை அவசரப்படுத்த முடியாது.

காட்டாமணக்கு

ஏறாமல் விட்டால் என்ன ஆகும் என்பதுதான் இதில் கவலைப்பட வேண்டிய இடம். இந்த ஈய பேட்டரி ஒன்றும் புதிதல்ல. 1859-இல் பிரான்சில் காஸ்டன் பிளாண்டே செய்தது, அடிப்படை இன்றைக்கும் அதேதான். ஈயத் தகடுகள் அமிலத்தில் முங்கிக் கிடக்கின்றன. கரண்ட் எடுக்க எடுக்கத் தகட்டின் மேல் ஈய சல்பேட் படிகிறது, சார்ஜ் ஏறும்போது அது கரைந்து திரும்பவும் ஈயமும் அமிலமுமாக ஆகிவிடுகிறது. இது தினமும் நடப்பது, இதில் கெடுதல் இல்லை. ஆனால் பாதி சார்ஜில் வாரக்கணக்காகக் கிடந்தால் அந்தச் சல்பேட் இறுகிப் பெரிய படிகங்களாகிவிடும். அப்புறம் கரையாது. அவ்வளவு இடமும் தகட்டில் வீண். தூர் வாராத வாய்க்காலில் நெய்வேலிக் காட்டாமணக்கு வேர் பிடித்த மாதிரி. வாய்க்கால் இருக்கும், தண்ணீர் போக வழி இருக்காது. நானும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நல்லது செய்கிறேன் என்று நம்பிக்கொண்டு அந்தப் பேட்டரியை அரைகுறையிலேயே வைத்திருந்திருக்கிறேன்.

அண்ணன் அதைக் கடைக்கு எடுத்துப்போய் மூன்றரை ஆம்பியரில், அதாவது கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கில், ராத்திரி முழுக்க மெதுவாக ஏற்றினார். மறுநாள் மாட்டிவிட்டு, ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அமர்த்தி, அதன் பிறகே மீட்டர் வைத்தார். சார்ஜரிலிருந்து எடுத்த உடனே பார்த்தால் மேலாகத் தெரியும் வோல்ட் ஏமாற்றிவிடும் என்பதற்காக. 12.5 நின்றது. "பொழச்சிடுச்சு சார். ஆனா பழைய ஆளு இல்ல. இன்னும் ரெண்டு தடவ இப்படி விட்டீங்கன்னா எந்திரிக்காது."

அவர் கடை வியாபாரத்தில் ஒரு பங்கே இந்த மாதிரி நிற்கும் வண்டிகள்தான் என்றார். கூத்தாநல்லூர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு ஆட்கள் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். போர்டிகோவில் உறை போர்த்திய கார் நிற்கும். வருடத்துக்கு ஒரு தடவை லீவில் வந்து உறையை எடுப்பார்கள், அண்ணனுக்கு போன் வரும். பாவம், அவர்களும் யாரையாவது நியமித்து வாரா வாரம் ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டுத்தான் போயிருப்பார்கள். அவ்வளவு நாள் நிற்கப்போகும் வண்டிக்கு அவர் சொல்வது ஒன்றுதான்: முழுசாகச் சார்ஜ் ஏற்றி, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள், மாதம் ஒரு தடவையோ இரண்டு மாதத்துக்கு ஒரு தடவையோ யாரையாவது சார்ஜர் போடச் சொல்லுங்கள். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். மாற்றிச் செய்தால், பாசிட்டிவ் நட்டைத் திருகும் ஸ்பேனர் வண்டியின் இரும்பில் பட்ட நொடியே தீப்பொறி கிளம்பும். கடிகாரமும் ரேடியோ ஸ்டேஷனும் அழிந்துபோகும், முதல் கொஞ்ச நேரம் எஞ்சின் ஓட்டம் ஒரு மாதிரி இருக்கும், அது தானாகச் சரியாகிவிடும். மின்சாரக் கார் வாங்கியவர்களும் தனக்கு இது இல்லை என்று இருக்க வேண்டாம். அதிலும் கதவு பூட்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒரு சின்னப் பன்னிரண்டு வோல்ட் பேட்டரி இருக்கிறது, அது இறங்கினால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் வண்டி எழுந்திருக்காது.

கொட்டகையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். தகரக் கூரை. கத்திரி வெயிலில் உள்ளே கால் வைக்க முடியாது. நாம் பேட்டரிக்குக் குளிர்தான் ஆகாது என்று எங்கேயோ படித்து வைத்திருக்கிறோம். அது பனி பெய்யும் நாட்டுக்காரர்கள் கவலை. இங்கே பேட்டரியைக் கொல்வது சூடு. சும்மா கிடக்கும் பேட்டரி தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். சூடு பத்து டிகிரி கூடினால் அந்த இறக்கம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். தகரத்தின் மேல் தென்னங்கீற்றுப் போட்டுக் கட்டினேன். ஒரு மத்தியானத்து வேலை. உள்ளே கை வைத்துப் பார்த்தால் இப்போது பானெட் சுடுவதில்லை.

வியாழக்கிழமை

சார்ஜர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், நிறைந்ததும் தானே குறைத்துக்கொள்ளும் வகை. இரண்டாயிரத்துச் சொச்சம். மழை பிடித்துக்கொண்டு எங்கும் போக முடியாத ஐப்பசி, கார்த்திகையில் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை ராத்திரி போட்டுவிட்டுப் படுப்பேன். கொட்டகை திறந்திருக்கும், பக்கத்தில் விளக்கோ ஊதுபத்தியோ வைக்கக்கூடாது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். வீட்டு இன்வெர்ட்டரோடு இதைச் சேர்த்து மாட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம், அது வேறு அளவுப் பேட்டரிக்குப் பழகிய சார்ஜர். முனைகளில் பூத்த பொடியை வெந்நீரில் சமையல் சோடா கரைத்துக் கழுவி, துடைத்து, வாஸ்லின் தடவினேன், அப்புறம் பூக்கவில்லை. மூடி திறக்கும் பேட்டரி வைத்திருப்பவர்கள் அதற்குரிய டிஸ்டில்டு வாட்டரைத் தவிர வேறு தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். நம் கடலோரத்துப் போர் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆனால் சார்ஜரைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது அண்ணன் கேபிளைச் சுருட்டிப் பையில் வைக்கும்போது சொன்னது. "வண்டிய நிப்பாட்டி வச்சு ஓட்டாதீங்க சார். வாரத்துல ஒரு நாள் ஒரு முக்கா மணி நேரம் ரோட்ல ஓட்டுங்க. அம்மாவ எங்கயாச்சும் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க." அம்மா அப்போது திண்ணையில்தான் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எனக்குச் சுருக்கென்றது. குருப்பெயர்ச்சிக்கு முன்னாலிருந்தே ஆலங்குடிக்கு ஒரு வியாழக்கிழமை கூட்டிப் போகச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிவிட்டேன். அந்த வாரங்களில் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கொட்டகைக்குள் நின்ற வண்டியில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா பத்தடி தள்ளித் திண்ணையில் கீரை ஆய்ந்துகொண்டிருப்பார்.

எங்கள் ஊரிலிருந்து நீடாமங்கலம் வழியாக ஆலங்குடி இருபது கிலோமீட்டர் சொச்சம். போக முக்கால் மணி நேரம், வர முக்கால் மணி நேரம். இப்போது பள்ளி விட்டு வந்ததும் வியாழக்கிழமை சாயங்காலம் கிளம்பிவிடுகிறோம். அம்மா முதல் நாளே கொண்டைக்கடலை ஊறப்போட்டு, ஊசியில் கோத்து மாலையாகக் கட்டி ஈரத்துணியில் சுற்றி வைத்திருப்பார். போன வருடம் வரை கால் வலி என்று வாசலைத் தாண்டாதவர், கோயில் பிரகாரத்தை மெதுவாக ஒரு சுற்று வந்துவிடுகிறார். வெள்ளிக்கிழமை காலையில், வண்டியைத் தொடுவதற்கு முன்னால், நான் மீட்டர் வைத்துப் பார்த்து நோட்டில் எழுதுவேன். ஆவணியிலிருந்து இன்றுவரை 12.5-க்குக் கீழே ஒரு தடவையும் போகவில்லை.

சிகரெட் லைட்டர் ஓட்டையில் ஒரு சின்ன வோல்ட் மீட்டர் செருகியிருக்கிறேன், சிவப்பு எழுத்தில் எரியும். எஞ்சின் ஓடும்போது பதினாலுக்குப் பக்கத்தில் நின்றால் ஏறுகிறது என்று அர்த்தம். போன வாரம் திரும்பி வரும்போது நீடாமங்கலம் கேட் போட்டிருந்தது. இந்தக் கேட்டில் காத்திருக்காத தஞ்சாவூர் ஜில்லாக்காரர் யார். முன்னால் இரண்டு பஸ், ஒரு நெல் லாரி. ஏசியை அமர்த்திக் கண்ணாடியை இறக்கினேன். வெளியிலிருந்து நடவு வயல் சேற்று வாசம் வந்தது. அம்மா குனிந்து மீட்டரைப் பார்த்தார்.

"ஏறுதா தம்பி?"

"14.1 ம்மா. ஏறுது."

"அடுத்த வாரம் கும்பகோணம் வரைக்கும் போவமா? சாரங்கபாணியப் பாத்து ரொம்ப நாளாச்சு."

கேட்டைத் தூக்கினார்கள். கியரைப் போட்டேன்.